தெற்குச் சுவர் நெருப்பு

1624 ஜனவரி பதினைந்தாம் தேதி காலை, ஆஷ்விக் கோட்டை மைதானத்தில், மாவட்டத்தின் சார்பாகப் பார்லிமெண்டுக்குப் போகவேண்டிய இருவரைத் தேர்ந்தெடுக்க நிலம் வைத்திருப்பவர்கள் கூடினார்கள். பனி கொட்டிக்கொண்டிருந்தது.

முதல் இடம் ஒரு பிரபுவின் மகனுக்குப் போட்டியில்லாமல் போயிற்று. சண்டை இரண்டாவது இடத்துக்குத்தான்.

அந்த இடத்தில் சர் ஆம்ப்ரோஸ் லெத்பரியின் தாத்தா உட்கார்ந்திருந்தார். பிறகு அப்பா. சர் ஆம்ப்ரோஸே மூன்று முறை லண்டன் போய் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தார். இன்று தோற்றால் லெத்பரி குடும்பத்தில் தோற்ற முதல் ஆள் அவர். இரண்டு நாளாக அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எதிர்த்து நின்றவர் பக்கத்துப் பண்ணையின் சர் தர்ஸ்டன் பீவிஸ். பெரிய தொப்பி, அதைவிடப் பெரிய தொண்டை. வேட்டை நாய்களை வீட்டுக்குள்ளேயே வளர்ப்பவர். அவர் கட்டிலில் நாய்களுக்கு இடம் போக மிச்சம்தான் மனைவிக்கு என்று ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள்.

"என்ன ஆம்ப்ரோஸ், லண்டன் உடுப்பெல்லாம் மூட்டை கட்டியாச்சா? அவிழ்க்க ஆள் அனுப்பட்டுமா?" என்று கத்தினார் சர் தர்ஸ்டன்.

சர் ஆம்ப்ரோஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பார்வை தெற்குச் சுவர்ப் பக்கம் போயிற்று. அங்கே பெரிய நெருப்பு எரிந்தது. அதன்மேல் ஒரு முழு மாடு கம்பியில் சுழன்றுகொண்டிருந்தது. பக்கத்தில் பீர்ப் பீப்பாய்கள்.

அது அவர் மனைவி சிசிலியின் ஏற்பாடு. வந்தவர்களுக்கு வயிறாரச் சாப்பாடு போடும் பொறுப்பை அவளிடம்தான் ஒப்படைத்திருந்தார். ஏழாம் மாதம் என்பதால் அவள் கோட்டை வாசலில் நின்ற வண்டியிலேயே கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இவ்வளவு பெரிய மாடு நம்ம தொழுவத்துலயா இருந்துச்சு?" என்று காலையில் அவளிடம் கேட்டிருந்தார்.

"நம்ம தொழுவத்துல என்ன இருக்கு, என்ன இல்லன்னு உங்களுக்கு எப்பங்க தெரிஞ்சிருக்கு?"

அது நியாயம்தான். அவருடைய மூன்று பிள்ளைகள் பிறந்த சேதியே குதிரைமேல் லண்டனுக்கு வந்துதான் அவருக்குத் தெரிந்தது. கடைக்குட்டியை அவர் முதன்முதலில் பார்த்தபோது அது அவரைக் கண்டு வீறிட்டு அழுதது.

"சரி, நெருப்பை எதுக்கு அந்தப் பக்கம் போட்டே?"

"காத்து வடக்கேருந்து அடிக்குது. நம்ம பக்கம் போட்டா புகையெல்லாம் நேரா ஷெரீஃப் மூஞ்சியிலதான் போகும்."

"உன் மூளையே மூளை" என்று அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

தேர்தலை நடத்தும் ஷெரீஃப் இரண்டு பெயர்களையும் கூவச் சொன்னார். இரண்டு சத்தமும் கோட்டையைக் குலுக்கின. எது பெரியது என்று அவரால் சொல்ல முடியவில்லை. அப்படி வந்தால் ஆட்கள் பிரிந்து நிற்க வேண்டும். ஷெரீஃப் நடுவில் நின்று, எந்தக் கூட்டம் பெரிது என்று கண்ணால் பார்த்துச் சொல்வார்.

எதிராளியின் ஆட்கள் தெற்குச் சுவர் ஓரம், லெத்பரி ஆட்கள் எப்போதும் வடக்குச் சுவர் ஓரம். அது ஷெரீஃபின் வலது கைப்பக்கம், மரியாதையான பக்கம். தாத்தா காலத்திலிருந்து யாருக்கும் அதை விட்டுக்கொடுத்ததில்லை.

நெருப்புச் சூடு எட்டாத பக்கமும் அதுதான்.

முதலில் வடக்கே கூட்டம் அதிகமாகத்தான் இருந்தது. சர் ஆம்ப்ரோஸுக்கு மூச்சு வந்தது. ஆனால் நிலமில்லாமல் உள்ளே புகுந்தவர்களை விசாரித்து வெளியேற்ற ஷெரீஃபின் ஆட்கள் நேரம் எடுத்துக்கொண்டார்கள். பனி வலுத்தது. மாட்டின் கொழுப்பு நெருப்பில் சொட்டிச் சீறும் சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது.

ஒருவர் போனார். பிறகு மூன்று பேர்.

சொந்த நிலத்தோடு சர் ஆம்ப்ரோஸிடம் குத்தகை நிலமும் வைத்திருந்த கிழவர் ஹாப்கின், தொப்பியைக் கழற்றிக்கொண்டு பணிவாக வந்து நின்றார்.

"என் குரல் உங்களுக்குத்தான் எசமான். கால் மட்டும் அந்தப் பக்கம் கொஞ்சம் சூடு காட்டிட்டு வரட்டும்."

அவருடைய கால் திரும்பி வரவில்லை.

ஷெரீஃப் நிமிர்ந்து பார்த்தபோது தெற்கே ஒரே கூட்டம், ஒரே ஆவி, ஒரே சிரிப்பு. வடக்கே சர் ஆம்ப்ரோஸும், அவருடைய உறவினர் சிலரும், ஒரு பாதிரியாரும்.

"ஒவ்வொரு தலையா எண்ணணும்னா கேளுங்க சர் ஆம்ப்ரோஸ். உங்க உரிமை அது. ரெண்டு நாள் ஆகும்" என்றார் ஷெரீஃப்.

"மாடு அதுவரைக்கும் தாங்காது!" என்று தெற்கிலிருந்து ஒரு குரல்.

மைதானமே சிரித்தது. சர் ஆம்ப்ரோஸ் வாசல் பக்கம் பார்த்தார். வண்டியில் சிசிலி வயிற்றில் கை வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் அவள் இந்தக் குளிரில் இருக்க முடியாது. அவளை மட்டும் தனியாக அனுப்பவும் அவருக்கு மனம் வரவில்லை.

"வேண்டாம்" என்றார்.

பிறகு, தாத்தாவின் சுவரை விட்டு, அவரும் தெற்கே நடந்தார். இரண்டு நாள் பசி. சர் தர்ஸ்டனே ஒரு விலா எலும்பை வெட்டி அவர் கையில் கொடுத்தார்.

பிப்ரவரியில் சர் தர்ஸ்டன் பீவிஸ் லண்டனுக்குப் புறப்பட்டார். நாய்களும் கூடவே போயின.

மார்ச் மாதம் சிசிலிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சர் ஆம்ப்ரோஸ் பக்கத்து அறையிலேயே இருந்தார். மருத்துவச்சிக்கு அடுத்தபடி குழந்தையைக் கையில் வாங்கியது அவர்தான். அது அவரைப் பார்த்து அழவில்லை.

குழந்தைக்கு மில்லிசென்ட் என்று பெயர் வைத்தார்கள். ஞானத்தாயாக வந்து நின்ற சர் தர்ஸ்டனின் மனைவி லேடி மில்லிசென்ட் பீவிஸின் பெயர் அது. ஜனவரியில் அந்த மாட்டை அனுப்பியதும் அவள்தான்.