கொலைகாரனுக்கு ஒரு பயிற்சி

"சுடுடா!" என்று கத்தினார் வக்கீல் ஈஸ்வரபாண்டி.

திலீபன் சுடவில்லை. செல்போன் திரையில் பச்சைச் சட்டைக்காரன் ஒருவன் துப்பாக்கியோடு நின்றிருந்தான்.

"அவுக முதுகக் காட்டிட்டு நிக்காக சார்."

"அதுக்குத்தாண்டா சுடச் சொல்றேன்!"

பச்சைச் சட்டைக்காரன் நிதானமாகத் திரும்பினான். திலீபனின் ஆள் சுருண்டு விழுந்தான். காலையிலிருந்து இதே கதைதான்.

உத்தமபாளையம் கோர்ட்டுக்கு எதிர் மாடியில் ஈஸ்வரபாண்டியின் ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வேறு யாரும் இல்லை. நாளைக் காலை தேனியில் மனநல மருத்துவர் திலீபனைப் பரிசோதிக்கப்போகிறார். அதற்குள் அவனைக் கேம் பைத்தியமாக மாற்றியாக வேண்டும்.

வழக்கு என்னவோ எளிமையானதுதான். சுருளிப்பட்டியில் திலீபன் வீட்டுத் தோட்டத்துக்கும் பெரியப்பா சின்னக்கருப்பு தோட்டத்துக்கும் நடுவே வரப்புத் தகராறு. அறுவடைக்குக் காத்திருந்த திராட்சைக் கொடிகளை ஒரே ராத்திரியில் தூரோடு வெட்டிப் போட்டார் பெரியப்பா. மறுநாள் சாயங்காலம், தன் மோட்டார் ரூம் வாசலில் மண்டை பிளந்து கிடந்தார். போலீஸ் யாரையும் தேடும் முன்பே, திலீபன் மண்வெட்டியோடு ஸ்டேஷனுக்குப் போய், "நான்தான்" என்று சொல்லிவிட்டான்.

வயது பதினேழு. ஜாமீன் கிடைத்துவிட்டது. ஆனாலும் கொலை கொலைதான். விவரம் தெரிந்தே செய்தான் என்று மருத்துவர் எழுதினால் பெரியவர்களுக்கு நடப்பதைப் போல விசாரணை நடக்கும். ஆயுள் தண்டனைகூட வரலாம். துப்பாக்கி கேம் ஆடி ஆடிப் புத்தி பிசகியவன் என்று எழுதினால், இளைஞர் நீதிக் குழுமத்தோடு லேசாக முடிந்துவிடும்.

கேம் ஆடினால் புத்தி பிசகுமா என்பது ஈஸ்வரபாண்டிக்கு வேறு விஷயம். அவருடைய மகள் திரிஷா தினமும் முப்பது பேரையாவது சுடுவாள். வீட்டில் கரப்பான் பூச்சியைக் கண்டால் கட்டில் மேல் ஏறி நின்று அலறுவாள். இந்த கேமை அவருக்குக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். கோர்ட்டில் இதையெல்லாம் யாரும் கேட்கப்போவதில்லை.

கதவோரம் ஸ்டூலில் திலீபனின் அம்மா முனீஸ்வரி உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, உன்னையும் கேப்பாக. ராவும் பகலும் கேமுதான், சோறு திங்கக் கூப்புட்டா அடிக்க வருவான்னு சொல்லணும்."

"போனுல பாட்டுதான கேப்பான். எம்புள்ள என்னைய அடிக்க வருவான்னு நானே சொல்லவா?"

"ஆமா. அழுதுக்கிட்டே சொன்னா இன்னும் நல்லது."

"அழுகை வராதுங்கய்யா."

"அப்ப முந்தானைய வச்சு மூஞ்சிய மூடிக்க."

முனீஸ்வரி சற்று யோசித்தாள். "பதினெட்டு ஆகலைன்னா லேசா விட்ருவாகன்னு ஊருல சொன்னாகளே வக்கீலய்யா?"

"ஊருல சொல்றவகளா வந்து வாதாடப்போறாக? டாக்டரு இவன் கையில போனைக் குடுத்து, ஆடிக் காட்டுன்னு சொன்னா என்ன செய்வான்? கை பழகியிருக்க வேணாமா?"

போனைப் பிடுங்கினார். "இங்கன பாருலே!"

கட்டைவிரல்கள் இரண்டும் பறந்தன. கூரை மேல் இருந்தவன் விழுந்தான். மரத்துக்குப் பின்னால் ஒளிந்தவன் விழுந்தான். ஓடியவனைத் துரத்திப் போய்ச் சுட்டார். மூக்கு நுனியில் வேர்வை சொட்ட, "எங்கடா போவ? எங்க போவ?" என்று பல்லைக் கடித்தார். ஆட்டம் முடிந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி வக்கீல் ஆனார்.

"பாத்தியா? இம்புட்டுத்தான்."

திலீபன் போனை வாங்கினான். இந்தத் தடவை அவன் ஆள் விறுவிறுவென நடந்தான். ஈஸ்வரபாண்டி நம்பிக்கையோடு குனிந்து பார்த்தார். வழியில் நின்ற ஜீப்பில் ஏறிக் கடற்கரையோரமாக ஓட்டிக்கொண்டு போனான் அவன்.

"என்னடா பண்ற?"

"ஜீப்பு நல்லா ஓடுது சார். கடலும் நல்லாருக்கு."

ஈஸ்வரபாண்டி பேனாவை மேஜையில் வீசினார்.

"ஏலே, சொந்தப் பெரியப்பன மண்டையில போட்டவன்டா நீயி! மொகம் தெரியாத ஒரு பொம்மையச் சுட இந்த யோசனை யோசிக்கிற! அன்னைக்கு வந்த கோவம் இப்ப எங்கலே போச்சு?"

திலீபன் ஜீப்பை நிறுத்தினான்.

முனீஸ்வரி எழுந்து வந்தாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் பிள்ளையைப் பற்றிக் குறை சொல்லும் அம்மாவைப் போல அலுத்துக்கொண்டாள்.

"நீங்க எம்புட்டுக் கத்துனாலும் இவனுக்குக் கை எந்திரிக்காதுங்கய்யா. அன்னைக்கும் மண்வெட்டியத் தூக்கிட்டுப் போயி இப்பிடித்தான் நின்னான். கடைசியில நான்தான் பிடுங்கி ஒரு போடு போட வேண்டியதாப் போச்சு."