ஐஸ் பெட்டிக் குழாய்

“செத்து மூணு நாளான எஞ்சினையே எச்சில் தொட்டு எழுப்பினவன் நான், மச்சான்.”

தங்கை புருஷன் இன்னாசி திரும்பிக் கடலில் துப்பினான். பத்தொன்பது வருஷமாக ஒரே படகு. பெரியவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அவன் நம்பியதில்லை.

நடுப்பகல். எஞ்சின் நின்ற படகு தானாக நகர்ந்துகொண்டிருந்தது.

நீரோட்டம் எல்லைக் கோட்டைத் தாண்டி இழுத்து ஒரு மணி நேரம் ஆயிற்று.

முப்பது வருஷத்து டீசல் எஞ்சின். டீசல் வரும் குழாய் நெடுகக் கீறல். டீசல் வெளியே, காற்று உள்ளே.

அவர் அதை அறுத்து எறிந்தார். ஐஸ் பெட்டியில் தண்ணீர் வடிகிற குழாயைப் பிடுங்கி மாட்டினார். மூட்டுகளில் தூண்டில் நரம்பைச் சுற்றினார். அதன்மேல் துணி சோப்பைப் பிசைந்து அப்பினார்.

பிறகு வாய் வைத்து உறிஞ்சினார்.

அவர் குடித்த டீசலில் ஒரு லாரி மதுரைக்குப் போய்த் திரும்பும்.

“ஓடாது மச்சான். சும்மா வயித்தக் கெடுத்துக்காதீங்க.”

ஓடியது.

மீனெல்லாம் எட்டிப் பார்க்கிற மாதிரி ஓடியது.

கால் மணி நேரம்.

தூரத்தில் சாம்பல் நிறத்தில் இலங்கை ரோந்துக் கப்பல். தப்பப் பார்த்தால் சுடுவார்கள். அவரே எஞ்சினை நிறுத்தினார்.

தமிழ் தெரிந்த அதிகாரி படகில் இறங்கினார்.

“எஞ்சின் கெட்டு மிதந்து வந்தீங்கன்னா போகலாம். ஓட்டிட்டு வந்தீங்கன்னா படகு எங்களுக்கு.”

அந்தப் படகை விட்டால் பெரியவருக்கு வேறொன்றும் இல்லை.

“மிதந்துதான் வந்தோம் சார். எஞ்சின் ஓடல.”

வாழ்நாளில் முதல் தடவையாகத் தன்னைக் குறைத்துச் சொன்னார்.

அதிகாரி கை படாமல் குனிந்து பார்த்தார். குழாய். நரம்பு. சோப்பு நுரை.

சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

“இதக் கட்டினது நீயா, பெரியவரே? இதுல எஞ்சின் ஓடுச்சுன்னு சொன்னா எந்த மடையன் நம்புவான்!”

‘மிதந்து வந்தது’ என்று எழுதப் பேனாவைத் திறந்தார்.

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். டீசல் நாறும் வாயை இறுக மூடிக்கொண்டார்.

இன்னாசியால் பொறுக்க முடியாமல் போனது அதுதான்.

“ஓடுச்சு சார். என் ரெண்டு கண்ணால பாத்தேன்.”