ஏறுமிடம் மதுரை

"மதுரையில ஒரு ராத்திரி இறங்கிட்டு, அடுத்த ரயிலுக்கு இதே சீட்டுல ஏறிக்கிறோமே தாயி" என்றாள் குருவம்மாள், மறுபடியும்.

போடி ரயில் நிலையத்து முன்பதிவுக் கண்ணாடிக்குப் பின்னால் கிருபாராணி அந்தப் பயணச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். போடியிலிருந்து சென்னை, செவ்வாய்க்கிழமை ரயில். நோயாளி சுருளிவேல், துணைக்கு மனைவி. மருத்துவமனைச் சான்றைக் காட்டி ஒரு மாதம் முன்பே சலுகையில் எடுத்தது. வெள்ளிக்கிழமை அங்கே ஆபரேஷன்.

"எதுக்கும்மா நடுவுல இறங்கணும்?"

"மக வீடு இருக்கு. பேரனுக்குப் பேரு வைக்கணும்."

சுருளிவேல் மனைவிக்குப் பின்னால் நின்றார். கொளுத்தும் வெயிலிலும் கழுத்தில் மப்ளர். ஏலத்தோட்டத்திலிருந்து இறங்கி வருகிறவர்கள் மலைக்குளிரையும் கழுத்தில் சுற்றிக்கொண்டே வருவார்கள். கிருபாராணிக்குப் பழகிய காட்சிதான்.

"ஐநூறு கிலோமீட்டர் போன பிறகுதாம்மா நடுவுல இறங்கலாம். இங்கேருந்து மதுரை தொண்ணூறுதானே."

குருவம்மாள் விழித்தாள். தூரத்து ஊரில் இறங்கலாம், பக்கத்து ஊரில் இறங்கக் கூடாதா?

"எங்க போடிமெட்டு ஜீப்பு வளைவுக்கு வளைவு நிக்கும் தாயி. சாமி கும்பிட்டு வந்து ஏறுற வரைக்கும் காத்திருந்து, தலைய எண்ணிப் பாத்துட்டுத்தான் எடுப்பாங்க."

"ரயிலை உங்க எஸ்டேட்டு ஜீப்புன்னு நெனச்சியா ஆத்தா?" என்றார் வரிசையில் அடுத்து நின்ற ஏலக்காய்க் கடைக்காரர் பிரின்ஸ். "டிரைவருக்கு ஒரு டீ வாங்கிக் குடு. வளைவுக்கு வளைவு நிப்பாட்டுவாரு."

வரிசை சிரித்தது. சலுகைச் சீட்டில் இறங்கினால் அபராதம் என்றார் ஒருவர். போன வருஷம் என் தம்பி இறங்கினான், யாரும் கேட்கவில்லை என்றார் இன்னொருவர். குருவம்மாள் பேசுகிறவர் முகத்தையெல்லாம் மாறி மாறிப் பார்த்தாள்.

கிருபாராணிக்கு வழி தோன்றிவிட்டது.

"திரும்பி வரும்போது இறங்குங்கம்மா. சென்னையில இருந்து மதுரை ஐநூறைத் தாண்டிரும். யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

சொல்லும்போது அவளுக்கே சந்தோஷமாக இருந்தது. ஆனால் அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வரும்போது ஆகாது தாயி."

சுருளிவேல் வலக்கையைத் தூக்கி மூன்று விரல்களைக் காட்டினார்.

"மூணு டிக்கெட்டா?"

இல்லையென்று தலையசைத்தார்.

"மூணு நாளா?"

அதுவும் இல்லை.

"மூணாறுக்கு இங்கேருந்து ரயிலு கிடையாதுண்ணே" என்றார் பிரின்ஸ். "வெரசா முடிங்க, எனக்குச் சோலி கெடக்கு."

"பெரியவரே, வாயைத் திறந்து சொன்னாத்தானே தெரியும்?"

அவர் சிரித்தார். அவ்வளவுதான்.

திரும்பி வருவோமோ மாட்டோமோ என்ற பயம்தான் போலிருக்கிறது என்று கிருபாராணிக்குப் பட்டது. குரலைத் தாழ்த்தினாள். "கவலைப்படாதீங்க. கர்த்தர் நல்லபடியா கொண்டாந்து சேப்பாரு."

"வருவாரு தாயி. உசுருக்கு ஒண்ணுமில்லைன்னு டாக்டரே சொல்லிட்டாரு. ஆனா வரும்போது ஆகாது."

உயிருக்குப் பயமில்லை. மனிதர் திரும்பி வரப்போகிறார். பேரனும் எங்கேயும் போய்விடப் போவதில்லை. பின்னே என்ன?

கிருபாராணிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபட்டால்தான் உதவலாம் என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை. இவ்வளவு நேரமும் அந்த அம்மாள் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று பார்க்கவில்லையே என்று அவளுக்கு உறைத்தது.

இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தாள்.

"நடுவுல இறங்கவே வேண்டாம்மா. நாளைக்கே பஸ்சுல மதுரைக்குப் போயிருங்க. பேரு வைங்க, பேரனைக் கொஞ்சுங்க. செவ்வாய்க்கிழமை அங்கேயே இந்த ரயில்ல ஏறிக்கங்க. ஏறுமிடம் மதுரைன்னு இப்பவே மாத்தித் தர்றேன்."

"போடியில ஏறலைன்னா எடத்தை வேற ஆளுக்குக் குடுத்துற மாட்டாங்களே?"

"எழுதிக் குடுத்துட்டா குடுக்க மாட்டாங்க."

படிவத்தை அவளே நிரப்பினாள். கையெழுத்துக்கு மட்டும் கண்ணாடிக்கு அடியில் நீட்டினாள். சுருளிவேல் ஒவ்வோர் எழுத்தாகப் போட்டு முடித்து, அவளைப் பார்த்துக் கைகூப்பினார். கண்கள் நிறைந்திருந்தன. அப்போதும் ஒரு வார்த்தை வரவில்லை.

திருத்திய சீட்டைத் தரும்போது கிருபாராணி சும்மா ஒரு அன்புக்காகக் கேட்டாள். "பேரனுக்கு என்ன பேரு பெரியவரே?"

இவ்வளவு செய்தவளுக்குப் பதில் சொல்லாமல் இருக்க அவருக்கு மனம் வரவில்லை போலும். உதடுகள் பிரிந்தன.

குருவம்மாள் பதறித் திரும்பி, உள்ளங்கையால் அவர் வாயைப் பொத்தினாள்.

"கேக்காதீங்க தாயி. வெள்ளிக்கிழமை கொரவளையவே எடுத்துருவாங்களாம். இப்பவே கொரலு நூலு மாதிரிதான் இருக்கு. புள்ள காதுல தாத்தன் மூணு தடவை பேரைச் சொல்லணும்ல? அதுக்குன்னு பத்திரப்படுத்தி, ஒரு மாசமா எங்கிட்டகூடப் பேசலை. என்ன பேருன்னு எனக்கே தெரியாது."

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. பிரின்ஸ் ஓரடி ஒதுங்கி அவர்களுக்கு வழிவிட்டார்.

'போய்ட்டு வாங்க' என்று சொல்ல வாயெடுத்த கிருபாராணி, சுருளிவேலைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.