கட்டைவிரலுக்கு அடியில்

“அந்த ஐம்பத்தொண்ணாம் வருஷத்துப் படத்தை எடும்மா மருமகளே. நம்ம ஜனம் கூட்டமா உக்காந்திருக்குமே, அது.”

பெரியவர் ருதாரோவின் குரலைக் கேட்டதும் கெசாண்டே மேசையிலிருந்து நிமிர்ந்தாள். எம்பரரா அருங்காட்சியகத்துப் பழைய படங்களுக்கெல்லாம் அவள்தான் காவல். வருகிற சனிக்கிழமை அவர் மகன் நபாசாவுக்கு அவள் மனைவி. மாடு வளர்க்கும் ஹீமா வீடுகளில் மாமனார் மருமகள் முகத்தையே பார்க்கமாட்டார். இவர் மேசைக்கு எதிரே வந்து நிற்கிறார் என்றால் காரியம் சின்னதில்லை.

“எந்தப் படம் மாமா? இங்கே ஆயிரம் கிடக்கு.”

“மாட்டு வியாபாரிகிட்டயே மாட்டுப் பல்லை மறைக்காதே. வெள்ளைக்காரன் எடுத்தது. எங்கப்பன் அதுல இருக்கானாம்.”

இருந்தார். வினையே அதுதான்.

போன வாரம் தூசு தட்டும்போதுதான் அவளே பார்த்தாள். கூட்டத்தின் நடுவே இரண்டு பேர். ஒருவர் அவளுடைய தாத்தா. மற்றவருக்கு அச்சு அசல் நபாசாவின் மூக்கு. இருவர் தொப்புளருகேயும் கீறல். ரத்தம் தடவிய காப்பிக்கொட்டையை ஒருவர் உள்ளங்கையிலிருந்து மற்றவர் வாயால் கவ்வுகிறார்.

அந்தக் கொட்டை உள்ளே போய்விட்டால் அண்ணன் தம்பி. பேரன் பேத்திவரை ஒரே ரத்தம். மீறிக் கல்யாணம் கட்டினால் வயிறு வீங்கிச் சாவு. சொன்னால் நபாசா போவான். சொல்லாவிட்டால் உயிர் போகும். ஒரு வாரமாகவே அவள் குளிக்கும்போதெல்லாம் வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

படத்தைக் கொண்டுவந்தாள். நடுவிலிருந்த இருவர்மேலும் கட்டைவிரலை அழுத்திப் பிடித்திருந்தாள்.

பெரியவர் கண்ணாடியை மாட்டினார்.

“விரலை எடு.”

“கிழிஞ்சிருக்கு மாமா. அதான் பிடிச்சிருக்கேன்.”

“நட்டநடுவுலயா கிழியும்? எடுன்னா!”

எடுத்தாள். அவர் குனிந்தார். மூக்கு படத்தில் முட்டும் அளவுக்குக் குனிந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

“இதை வேற யாரு பார்த்தது?”

“யாரும் இல்லை மாமா.”

“உங்கப்பன்?”

“இல்லை.”

“சத்தியமா?”

“நான் குடிக்கிற பால்மேல சத்தியம்.”

அவர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். “இந்தக் கல்யாணம்...” என்று ஆரம்பித்தார். கெசாண்டே கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

“இந்தக் கல்யாணம் முடியற வரைக்கும் இதை எங்கேயாவது ஒளிச்சு வை தாயி. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.”

“மாமா?”

“படத்துல நட்டநடுவுல, எங்க வேலிக்குப் பின்னால பாரு. நெத்தியில சுட்டி, கொம்பு ஒண்ணு உள்வளைவு. உங்க தாத்தாவோட பசு! சிங்கம் அடிச்சிடுச்சுன்னு உங்க வீட்டுல ஒப்பாரி வச்சாங்களே, அதேதான். எங்கப்பன்தான் ஓட்டிட்டு வந்து மறைச்சு வச்சான். சாகும்போது என்கிட்ட சொன்னான். உங்கப்பன் கண்ணுல இது பட்டா, அது போட்ட கன்னு, அந்தக் கன்னு போட்ட கன்னுன்னு, பரிச மாட்டோட சேர்த்து என் பட்டியையே ஓட்டிட்டுப் போயிடுவான்!”

“நடுவுல உக்காந்திருக்கிற ரெண்டு பேரு...” என்று வாய் தவறிக் கேட்டேவிட்டாள்.

“மாடு நிக்கும்போது மனுஷனை எவன் பார்த்தான்?”

கெசாண்டே ஒரு வாரத்து மூச்சை மொத்தமாக விட்டாள். திருடிய பசுவை வேலிக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு விழுங்கிய கொட்டை எவனையும் அண்ணன் தம்பி ஆக்கியதில்லை; அந்தத் திருடனின் பேரனை அவள் தாராளமாகக் கட்டிக்கொள்ளலாம்.