எஸ்ரா ஹாலோவேயின் ஜூனியர்

"ஏம்மா, இந்த அமெரிக்கா ஜட்ஜுக்கு மீசை உண்டா?"

வக்கீல் ராஜமாணிக்கம் இப்படிக் கேட்டபோது அவர் மேடையில் பேசவேண்டிய பேச்சின் முதல் பக்கத்தையே அன்புச்செல்வி படித்து முடித்திருக்கவில்லை.

"தாடி இருக்குது சார். மீசையை மட்டும் மழிச்சிருக்காரு, படத்துல."

"மீசை இல்லாத ஆளைப் பத்தி நான் எப்படிம்மா பேசுறது? சரி, படி." தன்னுடையது பத்திரமாக இருக்கிறதா என்று ஒருமுறை நீவிப் பார்த்துக்கொண்டார்.

திருவண்ணாமலை மாவட்டத் தலைநகர் ஆனதிலிருந்து ஊரில் கருத்தரங்குகளுக்குப் பஞ்சமில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை வேங்கிக்காலில் கொத்தடிமை ஒழிப்புக் கருத்தரங்கு. சிறப்புரை ஆற்றுவது ராஜமாணிக்கம். அதை எழுதுவது, வழக்கம்போல, ஜூனியர். தேரடித் தெருவில் இருக்கும் அவருடைய ஆபீசில் ஒன்பது வருடமாக அவள்தான் மனு எழுதுகிறாள், அவள்தான் கோர்ட்டில் நின்று வாதாடுகிறாள். ஜெயித்தால் மட்டும், "ராஜமாணிக்கம் ஜெயிச்சுட்டாருப்பா" என்பார்கள்.

பேச்சில் வரும் நீதிபதி எஸ்ரா ஹாலோவேயை அவளுக்கு அறிமுகம் செய்தது, ரமணாசிரமம் பக்கம் ஜியாவுல்லா பாய் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஒரு அமெரிக்க அம்மாள். நீதிபதி அந்த அம்மாளுக்குக் கொள்ளுத் தாத்தா. பார்க்கிறவர்களுக்கெல்லாம் அவரைப் பற்றிய புத்தகத்தைப் படிக்கக் கொடுப்பாள்.

"தப்பி வந்த அடிமைகளைத் தன் வீட்டு நிலவறையில் ஒளித்துவைத்து ஆற்றைக் கடத்திவிட்டார். அவர்களுக்காகக் கோர்ட்டில் வாதாடினார். ஊரார் அவர்மீது அழுகிய முட்டைகளை வீசினார்கள்…"

"முட்டையை எடுத்துடு. கூட்டத்துக்கு நாமளே யோசனை சொல்லிக் குடுத்தாப்பல ஆயிடும்."

"பிறகு மேற்கே, எல்லைப்புறத்துக்கு நீதிபதியாகப் போனார். அங்கே கோர்ட் கட்டடம் கிடையாது. குதிரை லாயத்தில் உட்கார்ந்துதான் தீர்ப்புச் சொன்னார்."

"ஃபேனு?"

"அந்தக் காலத்துல ஏது சார்?"

"பாவம். மேல படி."

அன்புச்செல்வி பக்கத்தைப் புரட்டினாள். இதுவரை படித்ததெல்லாம் புத்தகத்தில் இருந்தது. இனி வரப்போவது அவளுடைய சொந்தச் சரக்கு.

அவள் கணவன் மாறன் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு அறை பார்த்து வைத்திருந்தான், அவள் தனியாகத் தொழில் நடத்த. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் அந்த அறை வேறு யாருக்கோ போய்விடும். ஆனால் இந்த ஊர் வக்கீல்களிடம் ஒரு வழக்கம். சீனியர் நாலு பேர் அறிய வாழ்த்தி அனுப்பினால்தான் ஜூனியருக்கு மரியாதை. தானாக வெளியே போனால், கட்சிக்காரர்களைக் கிளப்பிக்கொண்டு ஓடினவள் என்ற பெயர்தான் மிஞ்சும். ராஜமாணிக்கம் அனுப்புகிற ஆளாகவும் தெரியவில்லை. காலையில் அவளுக்கு முன்னால் வந்து உட்காருவார். சாயங்காலம் அவள் பையை எடுக்கிறவரை நாற்காலியை விட்டு எழமாட்டார். ஜெயில் காவலாளிகூட நடுவில் டீ குடிக்கப் போவான்.

மூச்சை இழுத்துக்கொண்டு படித்தாள். "அத்தனை பேரை விடுவித்த அந்த மாமனிதர் ஒருநாள் தன் ஆபீசைத் திரும்பிப் பார்த்தார். அங்கே பல வருடமாக ஒரு ஜூனியர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். 'ஊரையெல்லாம் விடுவித்தேன், உன்னை மறந்துவிட்டேனே' என்று கண்கலங்கினார். ஊரைக் கூட்டி அவனை வாழ்த்தி, தனியாகத் தொழில் நடத்த அனுப்பிவைத்தார்."

ராஜமாணிக்கம் கண்ணாடியைக் கழற்றினார். கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார்.

"இது புக்குல இருக்குதா?"

"இருக்குது சார்."

"கண்கலங்கினாரா?"

"ஆமா சார்."

"அதைக் கடைசியில வை. கைத்தட்டு அங்கதான் விழும்."

அவ்வளவுதான். மனிதருக்கு உறைக்கவே இல்லை என்று அன்றைக்கு முழுக்க மாறனிடம் சொல்லிப் பொருமினாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பியிருந்தது. ராஜமாணிக்கம் நிலவறையைக் கடந்து, ஆற்றைக் கடந்து, குதிரை லாயத்துக்கு வந்து, கடைசிப் பத்தியையும் படித்து முடித்தார். கைத்தட்டு விழுந்தது. அவர் உட்காரவில்லை.

"அந்த ஹாலோவே செய்ததை இந்த ராஜமாணிக்கம் செய்யமாட்டானா? என் ஜூனியர் அன்புச்செல்வி நாளை முதல் தனி வக்கீல். என் கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் இனிமேல் அவருடைய கட்சிக்காரர்கள்!"

சொன்னவர் கண்கலங்கவும் செய்தார், அவள் எழுதிக் கொடுத்திருந்தபடியே.

மண்டபம் எழுந்து நின்று தட்டியது. அன்புச்செல்விக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இப்படிப்பட்ட மனிதரை ஒரு பொய்ப் பத்தியால் மடக்கிவிட்டோமே என்று உறுத்தியது. கூட்டம் கலைந்ததும் வாசலுக்கு ஓடினாள். ராஜமாணிக்கமும் அவர் மனைவி சந்திரகலாவும் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"சார், உங்களைத் தனியா விட்டுட்டுப் போறது மனசுக்கு என்னமோ மாதிரி இருக்குது. நீங்க ஒருத்தரா எப்படிச் சமாளிப்பீங்க? இன்னும் ஒரு வருஷம் வேணா நான் இருந்து…"

"ஐயையோ, வேணாம் கண்ணு!" சந்திரகலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவருக்குக் கோர்ட்டுப் பக்கம் போகவே பிடிக்காம அஞ்சு வருஷம் ஆவுது. ஆபீசை மூடிடுங்கன்னா, 'நானா அனுப்பினா தொரத்திட்டேன்னு நெனச்சுக்கும், பாவம், அதுவா ஆசைப்பட்டுக் கேக்கட்டும்'னு தெனம் ஆபீசுக்குப் போயி உனக்காக உட்கார்ந்துட்டிருந்தாரு. நீ அந்தப் பத்தியைப் படிச்ச அன்னிக்கு வீட்டுக்கு அல்வா வாங்கியாந்தாரு, தெரியுமா?"

ராஜமாணிக்கம் டிரைவரின் தோளைப் பதற்றமாகத் தட்டினார்.

"சீக்கிரம் எடுப்பா! இந்தப் பொண்ணு மனசு மாறிடுச்சுன்னா, இந்த அடிமை நாளைக்கு மறுபடியும் ஆபீசைத் தொறக்கணும்."