கறுப்பு டேங்க்

“என்னம்மா, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுற மாதிரி தடவிக்கிட்டு இருக்கே? விட்டா தாலாட்டும் பாடுவே போலிருக்கே!”

பக்கத்து வண்டியிலிருந்து மீசைக்காரர் சிரித்தார். காலையிலிருந்து இதே நக்கல்தான்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மோட்டார் சைக்கிள் ஷோரூமில் பாலிஷ் வேலைக்கு ஒரே ஒரு இடம். வந்தவர்களில் கடைசியாக மிஞ்சியது இவர்கள் இரண்டு பேர். ஆளுக்கொரு வண்டி, இரண்டும் கறுப்பு. இன்றைக்கு மட்டும் தாங்களே கழுவி, மெருகேற்றி, மெழுகு பூசி, பன்னிரண்டு மணிக்குள் முடித்து நிறுத்த வேண்டும்.

“பெட்ரோல் டேங்க் மேல லைட் அடிச்சுப் பாப்பேன். முடி கனத்துக்கு ஒரு கீறல் விழுந்திருந்தாலும், வந்த வழியே போயிடலாம்” என்று மேனேஜர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

மீசைக்காரருக்கு இதில் பதினைந்து வருஷப் பழக்கம். அவளுக்கு வாட்டர் சர்வீஸில் ஒன்பது வருஷம். ஈரத்தில் நின்று நின்று கால்விரல் இடுக்கெல்லாம் புண். இனியும் தண்ணீரில் நின்றால் விரலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் திட்டி அனுப்பியிருந்தார். காய்ந்த தரையில் நின்று செய்கிற வேலை இது ஒன்றுதான் அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. இதைப் போய் இந்த மீசைக்கு விட்டுக்கொடுக்க அவள் என்ன இளிச்சவாயா?

சக்கரத்துக்கு ஒரு வாளி, டேங்குக்கு ஒரு வாளி என்று தனித்தனியாக வைத்துக் கழுவினாள். வெயிலில் நின்ற வண்டியை நிழலுக்குத் தள்ளினாள். உள்ளங்கையை டேங்க் மேல் வைத்தாள். இன்னும் சூடு. காத்திருந்தாள்.

“என்ன, நின்னுக்கிட்டே தூக்கமா?”

“சூட்டுல மெழுகு பூசினா திட்டுத் திட்டா ஒட்டிக்கும். பதினஞ்சு வருஷத்துல இதுகூடத் தெரியலையாண்ணே?”

“அடேங்கப்பா! எனக்கே பாடமா?”

டேங்க் சில்லிட்டதும் துளி மெழுகெடுத்து மெல்லிசாகப் பூசினாள். அது காய்ந்து வெளுத்ததும் சுத்தமான துணியால் துடைத்தெடுக்க வேண்டும். துவைத்து, உதறி, மடித்துக் கொண்டுவந்த மூன்று துணிகளை ஸ்டூல் மேல் அடுக்கிவிட்டுக் கை கழுவப் போனாள். திரும்பி வரும்போது, மேனேஜர் போனில் யாரையோ விரட்டிக்கொண்டே அவள் ஸ்டூலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

மேலே இருந்த துணியை எடுத்தாள்.

“ஏய், இரு! அது வேணாம்!” மீசைக்காரர்தான்.

“உங்க வேலையைப் பாருங்கண்ணே.”

துணி டேங்கைத் தொட ஒரு சாண் இருக்கும்போது, மனுஷன் பாய்ந்து வந்து வெடுக்கென்று பிடுங்கினார். பிடுங்கியதோடு விட்டாரா? சக்கரம் கழுவிய கறுப்புத் தண்ணீரில் விட்டெறிந்தார்.

அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

“யோவ்! வெக்கமா இல்ல? ஒரு பொம்பளைகிட்டத் தோத்துடுவோம்னு அவ்வளவு பயமா?”

“வேற துணி எடு.”

“எதுக்கு எடுக்கணும்? அந்தத் துணிக்கு என்ன கேடு? சொல்லுய்யா!”

சொல்லத்தான் வாயைத் திறந்தார். சத்தம் கேட்டு மேனேஜர் ஓடி வந்தார். மீசைக்காரர் மேனேஜரைப் பார்த்தார். திறந்த வாய் மூடிக்கொண்டது.

“வேற துணி எடும்மா. அவ்வளவுதான்.”

“பாருங்க சார்! என் துணியைப் பிடுங்கி அழுக்குத் தண்ணியில போட்டுட்டு, பேச்சைப் பாருங்க!”

“சுத்தபத்தமும் ஒழுங்கும் இல்லாத ஆளுக்கு இங்க வேலை இல்ல” என்று மேனேஜர் வாசலைக் காட்டினார். “நடய்யா வெளியே!”

மீசைக்காரர் பாதியில் நின்ற தன் வண்டியை ஒரு தடவை பார்த்தார். பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

“என்னையே பாத்துக்கிட்டு நிக்காதே. மெழுகு இறுகிடப் போகுது, துடை” என்று அவளிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

போகிற போதும் கொழுப்பு அடங்கவில்லையே!

அடுத்த துணியை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்தாள். மேனேஜர் லைட்டைச் சாய்த்தார், நிமிர்த்தினார், சுற்றிச் சுற்றி வந்தார். டேங்கில் அவர் முகம்தான் தெரிந்தது. கீறல் ஒன்றுகூட இல்லை.

“பலே! வேலை உனக்குத்தான். இதுல ஒரு கையெழுத்துப் போடு” என்று வேலைக்கான தாளை நீட்டினார்.

அவள் பேனாவை வாங்கினாள். நாளையிலிருந்து காய்ந்த தரை.

மேனேஜர் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். உச்சுக் கொட்டினார். ஸ்டூல் மேல் மிச்சமிருந்த துணியை எடுத்து, இரண்டு ஷூவையும் மண் போகத் துடைத்தார். அழுக்கு உள்பக்கம் போகும்படி பாந்தமாக மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

அவள் பேனா நின்றுவிட்டது.

“சார்... முன்னாடியும் இதே மாதிரி துடைச்சீங்களா?”

“ஆமா, வாசல்ல ஒரே மண்ணு. ஏன், உன் துணி தேஞ்சா போச்சு?”

துணியைப் பிரித்தாள். பொடிமணல் மின்னியது.

பேனாவை மூடி ஸ்டூல் மேல் வைத்தாள்.

“அந்த அண்ணனைத் திரும்பக் கூப்பிடுங்க சார். அவர் வண்டியையும் முடிக்கட்டும். அதுக்கும் லைட் அடிச்சுப் பாத்துட்டு, யாருக்கு வேலைன்னு அப்புறம் சொல்லுங்க.”