அத்தைக்கு முட்டி வலி

“படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, உங்கம்மா வேண்டாம்னு!” மலை விடுதியின் சாப்பாட்டு அறையில் மருமகன் மனைவியிடம் பல்லைக் கடித்தான்.

“முட்டி விண்ணுவிண்ணுனு தெறிக்குது மாப்பிள்ளை,” என்றாள் எதிரில் இருந்த மாமியார், கம்பளியை இழுத்துப் போர்த்தியபடி. “இன்னைக்கு ஒரு நாள் ஓய்வெடுத்துட்டு ஏறலாமே.”

“நம்மகூட வந்தவங்க எல்லாம் மேலே போயாச்சு அத்தை. நாம இங்கே கொட்டாவி விட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கோம்!”

தொடாத தட்டைத் தள்ளிவிட்டு அறைக்குப் போனவன், பகல் முழுக்கத் தூங்கினான். மறுநாள் காலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, முதல் ஆளாகக் காலணியை மாட்டிக்கொண்டான்.

ஆனால் மலை உச்சியில் முதலில் கால் வைத்தது மாமியார்தான். பின்னாலேயே வந்த மகள் வாயைப் பிளந்தாள்.

“அந்த முட்டியோட எப்படிம்மா ஏறினே?”

“என் முட்டிக்கு என்னடி கேடு? நேத்து விடியக்காலைல உன் வீட்டுக்காரர் வெளியே போய், தலையைப் பிடிச்சுக்கிட்டு வாந்தி எடுத்ததைப் பார்த்தேன். இந்த உயரம் அவருக்கு ஒத்துக்கலை. அப்படியே மேலே ஏறினா உயிருக்கே ஆபத்து. ‘நீங்க படுங்க’ன்னு சொன்னா கேக்கிற ஆளா அவர்? அதான் நான் முட்டியைப் பிடிச்சுக்கிட்டேன்!”

மூச்சு வாங்க வந்து சேர்ந்த மருமகன் காதில் அத்தனையும் விழுந்தது. அவன் மாமியாரின் கையைப் பற்றி, மேகங்களுக்கு மேலே உயர்த்திப் பிடித்து, மலையே அதிரக் கத்தினான்.

“அடுத்த வருஷம் இதைவிட உசரமான மலை அத்தை! உங்களுக்கு எங்கெங்கே வலிக்குதோ, அங்கங்கே நின்னுதான் போவோம்!”